பழைய தண்ணீரைக் காப்பாற்றுங்கள்

பிரித்தானியாவில் வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான உறவுகளே,



ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், குறொய்டன் என்று ஆண்டுக்கணக்காக உங்கள் வீடுகளுக்கு வந்துபோகிறவன் நான். ஹீற்றிங் வேலை செய்கிறேன். உங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் வளர்ந்ததைக் கண்டிருக்கிறேன். இரவு பகலாக இரண்டு வேலை செய்து, சீட்டுக் காசில் டிப்போசிற் கட்டி வாங்கிய வீடுகள் இவை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இந்த வீடுகளின் ஹீற்றிங் குழாய்களுக்குள் ஓடும் தண்ணீர் பல இடங்களில் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. அதைத் தடுக்க ஆகும் செலவு சொற்பம். தடுக்காமல் விட்டால் போவது ஒரு பொயிலரின் விலை.

போன தை மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். வயதான அம்மா ஒருவர் கம்பளிச் சால்வையைப் போர்த்துக்கொண்டு ரேடியேற்றரோடு ஒட்டி இருந்தார். "மேல சுடுது தம்பி. கீழ தொட்டுப் பாருங்கோ, ஐஸ். பொயிலர் பூட்டி ரெண்டு வருசம்தான். அதுக்குள்ள ஏன் இப்பிடி?" என்று கேட்டார். ரேடியேற்றரைக் கழற்றித் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்தேன். கண்மையைக் கரைத்த மாதிரிக் கறுப்பு. வாளியின் வெளிப்பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்தினேன். உள்ளே கிடந்த கறுப்பும் காந்தம் போன பக்கமெல்லாம் கூடவே போனது. "இது உங்கட ரேடியேற்றர்தான் அம்மா. கரைஞ்சு வந்திருக்கு" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

மகன் உத்தரவாதத்தை நம்பிப் பொயிலர் செய்த நிறுவனத்துக்கு அறிவித்தார். ஆள் வந்து பார்த்தார். தண்ணீர் கறுப்பு, பொயிலரோடு வந்த பதிவுப் புத்தகத்தில், பூட்டும்போது குழாய்களைக் கழுவிய விபரம் எழுத வேண்டிய இடம் வெறுமை. உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பொயிலர் உத்தரவாதங்களின் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள்: சேற்றாலும் சுண்ணாம்புப் படிவாலும் வரும் பழுது பொதுவாக அதில் சேராது. பத்து வருட உத்தரவாதம் என்று நாம் நம்பியிருப்பது, தண்ணீர் சுத்தமாக இருக்கும்வரைதான் பத்து வருடம்.

நாங்கள் கிணற்றடியில் வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் கிணற்றை இறைத்து, அடியில் கிடக்கும் சேற்றை அள்ளி, புது ஊற்று வரவிடுவோம். ஊறிவரும் புதுத் தண்ணீர் நல்லது, நாட்பட்டுத் தேங்கிய தண்ணீர் கெட்டது என்பது எங்களுக்கு ஊறிப்போன பாடம். ஹீற்றிங்கில் அந்தப் பாடம் தலைகீழ். அங்கே நாட்பட்ட தண்ணீர்தான் நல்லது. புதுத் தண்ணீர்தான் இரும்புக்கு எமன். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

ரேடியேற்றர் மெல்லிய உருக்குத் தகட்டால் ஆனது. குழாய் செம்பு, வால்வு பித்தளை, பொயிலருக்குள் சூட்டை வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கும் பகுதி அலுமினியக் கலவை அல்லது கறைபடா உருக்கு. இத்தனை உலோகங்களும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. அதற்குள் ஒட்சிசன் இருந்தால் முதலில் அடிபடுவது உருக்குத் தகடுதான்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். பத்து ரேடியேற்றர் உள்ள வீட்டில் ஏறக்குறைய 100 லீற்றர் தண்ணீர் ஓடும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். ஆக, முழு வீட்டையும் ஒருமுறை நிரப்பினால் உள்ளே போவது ஒரு கிராம் ஒட்சிசன். அது இரண்டரைக் கிராமுக்குச் சற்று அதிகமான இரும்பைத் தின்று, நாலு கிராமுக்கும் குறைவான கறுப்புத் தூளாக்கும். அதோடு அந்தத் தண்ணீரின் பசி பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாத தூள்! அப்படியென்றால் நான் வாளி வாளியாக அள்ளும் சேறு எங்கிருந்து வருகிறது? எங்கோ ஒரு வழியால் ஒட்சிசன் விடாமல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. சேறு கண்ட வீட்டில் அந்த வழியைத்தான் முதலில் தேட வேண்டும்.

வழிகள் எனக்குப் பழக்கமானவை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, அடிக்கடி அழுத்தம் ஏற்றுவது. பொயிலரின் முள் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். முள் இறங்கினால் கீழேயுள்ள வளைகுழாயைத் திறந்து தண்ணீர் விட எல்லோருக்கும் தெரியும். "கிழமைக்கு ஒருக்கா ஏத்தினா சரி அண்ணை" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அது சாதாரணம் இல்லை. மூடிய அமைப்பில் வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் தண்ணீர் தேவைப்பட்டால் எங்கோ ஒழுகுகிறது. அனேகமாகக் காரணம் விரிவுக் கலம். தண்ணீர் சூடாகி விரியும்போது அதற்கு இடம் கொடுக்கவென்று பொயிலருக்குள் காற்று அடைத்த ஒரு கலம் இருக்கிறது. அந்தக் காற்று இறங்கிவிட்டால், சூடேறும்போது முள் 3 பாருக்கு ஏறும்; காப்பு வால்வு திறந்து வெளிச்சுவரிலுள்ள சிறிய செம்புக் குழாயால் தண்ணீரைத் துப்பும்; ஆறியதும் முள் பூச்சியத்துக்கு விழும்; நாங்கள் மறுபடி ஏற்றுவோம். இப்படி மாதக்கணக்காக நடக்கும். வெளியே அந்தக் குழாயின் முனையும் அதன் கீழுள்ள சுவரும் ஈரமா, வெள்ளைக் கறையா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வளைகுழாயின் வால்வை மூட மறந்து திறந்தபடி விட்ட வீடுகளும் கண்டிருக்கிறேன். அங்கே ஒழுக்கு இருப்பதே தெரியாது, புதுத் தண்ணீர் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, காற்று. இது தண்ணீரைவிடக் கொடியது. ஒரு லீற்றர் காற்றிலுள்ள ஒட்சிசன், 28 லீற்றர் குழாய்த் தண்ணீரில் உள்ளதற்குச் சமன். முள் பூச்சியத்துக்கு விழுந்த வீட்டில் தண்ணீர் ஆறிச் சுருங்கும்போது, மேல்மாடி ரேடியேற்றரின் தளர்ந்த வால்வு காற்றை உள்ளே இழுக்கும். அதனால் முள்ளைப் பூச்சியத்தில் விட்டுவைக்காதீர்கள். ஏற்றுங்கள், அன்றே காரணத்தையும் தேடுங்கள்.

மூன்றாவது, மேற்கூரைத் தொட்டி. பழைய வீடுகளில் லொஃப்டுக்குள் இரண்டு தொட்டிகள் இருக்கும். சின்னது ஹீற்றிங்குக்கு உரியது. அதன்மேல் வளைந்து நிற்கும் குழாயிலிருந்து, பம்ப் ஓடும்போது தண்ணீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தால், அந்த அமைப்பு நாள் முழுக்கக் காற்றைக் குடிக்கிறது. தொட்டித் தண்ணீர் செம்மண்ணிறத்தில் இருந்தால் அதுவே சாட்சி.

நாலாவது, எங்கள் கொண்டாட்டங்கள். மகளின் சாமத்திய வீட்டுக்கு முன் வீடு முழுக்கப் பெயின்ற் அடிப்போம். ரேடியேற்றர்களைக் கழற்றுவார்கள், தண்ணீரை வடிப்பார்கள், பூட்டி நிரப்பிவிட்டுப் போவார்கள். பின்பக்கம் குசினியை நீட்டிக் கட்டும்போதும், லொஃப்டை அறையாக்கும்போதும் இதே கதை. உள்ளேயிருந்த மருந்து வடிந்த தண்ணீரோடு கானுக்குள் போய்விடும். திரும்ப மருந்து விட்டீர்களா என்று கேட்டால் அனேகமாக எவரும் ஓம் என்பதில்லை. புதிதாக ஒட்டிய செம்புக் குழாய்களுக்குள் பற்றாசுப் பசையின் மிச்சமும் இருக்கும். அதுவும் உலோகத்தை அரிக்கும். புத்தம் புது அமைப்பையும் கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

மருந்து என்றேன். கடையில் இன்ஹிபிற்றர் என்று கேட்க வேண்டும். ஃபேர்னொக்ஸ், சென்ரினல் போன்ற பெயர்களில் புட்டியில் வரும். இது உலோகத்தின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். ஒட்சிசன் முழுவதும் தீர்ந்த தண்ணீரில்கூட, மருந்து இல்லாவிட்டால் இரும்பு மெதுவாகக் கறுப்புத் தூளாக மாறும். கூடவே ஐதரசன் வாயுவும் பிறக்கும். மாதாமாதம் ரேடியேற்றரின் மேல் திருகைத் திறந்து "காத்து" எடுக்கிறீர்களா? அது பல வேளை வெளியிலிருந்து வந்த காற்றே அல்ல. உங்கள் இரும்பு அரிபடும்போது உள்ளேயே உண்டான ஐதரசன். அது தீப்பற்றும். ஹீற்றிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எடுங்கள். சுவாமி விளக்கோ ஊதுபத்தியோ பக்கத்தில் எரியவே கூடாது.

பழைய காலத்துப் பொயிலர் இவ்வளவு சேற்றையும் தாங்கியதே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அதன் வயிறு வார்ப்பிரும்பு; தண்ணீர் ஓடும் வழி அகலம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து வீடுகளுக்குப் பூட்டும் காஸ் பொயிலர், சில விதிவிலக்குகள் தவிர, புகையிலுள்ள சூட்டையும் மீட்டெடுக்கும் வகையாக இருக்க வேண்டும். அவற்றுக்குள் தண்ணீர் ஓடும் வழிகள் குறுகியவை. இப்போதைய சிக்கனப் பம்பின் சுழலிக்குள் நிலைக்காந்தம் இருக்கிறது. கறுப்புத் தூள் காந்தத்தில் ஒட்டும் பொருள். பொயிலரைப் புதிதாக்கிவிட்டுத் தண்ணீரைப் பழைய சேற்றோடு விட்டால், முன்னைய பொயிலர் 20 வருடம் தாங்கியதைப் புதியது இரண்டு வருடத்தில் தாங்காமல் போகலாம். அந்த அம்மாவின் வீட்டில் நடந்தது இதுதான்.

வெப்பப் பம்புக்கு மாறலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இது பொருந்தும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஒக்டோபரிலிருந்து அதற்கு அரசு 7,500 பவுண் வரை உதவுகிறது. ஆனால் பல வீடுகளில் ரேடியேற்றரும் குழாயும் பழையவையாகவே இருக்கும். பழைய சேறு புது இயந்திரத்துக்குள் போகும். குறைந்த சூட்டில் ஓடும் அமைப்புக்கு ஒவ்வொரு ரேடியேற்றரின் முழு முகமும் வேலை செய்தாக வேண்டும். அடிப்பாதி சேற்றால் அடைபட்டிருந்தால் வீடு சூடாகாது.

என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த நாடு எழுதியே வைத்திருக்கிறது. பி.எஸ். 7593 என்பது வீட்டு ஹீற்றிங் தண்ணீருக்கான பிரித்தானியத் தரவிதி. 2019 இல் திருத்தப்பட்ட அந்த விதி கேட்பது இவ்வளவுதான்: அமைப்பைக் கழுவு, மருந்து விடு, ஃபில்ற்றர் ஒன்றை நிரந்தரமாகப் பூட்டு, வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரைச் சோதி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மருந்தைப் புதுப்பி, அல்லது தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி முழுமையாகச் சோதி. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான எல் பகுதி வழிகாட்டியும் இந்தத் தரவிதியையே சுட்டுகிறது.

கழுவுதலில் கவனம் தேவை. சேறு மிகுந்த வீட்டில் இயந்திரம் வைத்து ஒவ்வொரு ரேடியேற்றராகக் கழுவ ஒரு நாளின் பெரும்பகுதி போகும். அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். கழுவும் இரசாயனத்தை உள்ளே விட்டுவைக்கவும் கூடாது. தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசியபின்தான் மருந்து.

காந்த ஃபில்ற்றரைப் பொயிலருக்குத் திரும்பி வரும் குழாயில் பூட்டுவோம். அது சேற்றைப் பொயிலருக்குள் போகாமல் பிடிக்கும், அரிப்பை நிறுத்தாது. ஒவ்வொரு வருடமும் அதற்குள் கொத்துக் கொத்தாகக் கறுப்பு வந்தால் "நல்லா வேலை செய்யுது" என்று திருப்திப்படாதீர்கள். உங்கள் இரும்பு இன்னும் கரைகிறது என்பதே அதன் பொருள். கழுவிய அடுத்த வருடம் சேறு குறைய வேண்டும். அதற்கடுத்த வருடம் மிகச் சொற்பமாக வர வேண்டும்.

மருந்தின் அளவைப் புட்டியில் எழுதியபடி விடுங்கள். குறைத்து விட்டால் காப்பு இல்லை. பெரிய வீடு, பதினைந்து ரேடியேற்றர் என்றால் ஒரு புட்டி போதாமல் போகலாம். ஒரு குடும்பம் ஒரு வேளை வெளியே சாப்பிடுகிற காசுக்குள் அடங்குகிற செலவு இது.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் சிலவும் சொல்கிறேன். ஹீற்றிங் நன்றாகச் சூடேறியபின் ரேடியேற்றரைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். மேலே குளிர்ந்தால் வாயு. அடியில் நடுப்பகுதி குளிர்ந்தால் சேறு. பொயிலர் கேத்தல் கொதிப்பதுபோல இரைந்தால் உள்ளே படிவு. பிறகு ஹீற்றிங்கை நிறுத்தி ஆறவிட்டு, மேல் திருகால் கொஞ்சத் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் எடுங்கள். தெளிவென்றால் நல்லது. கறுப்பென்றால் அரிப்பு நடந்திருக்கிறது. செம்மஞ்சள் துரு நிறமென்றால் ஒட்சிசன் இப்போதும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு சோதனையைச் சிறுபிள்ளைகளும் செய்யலாம். இரண்டு கண்ணாடிப் போத்தல் எடுங்கள். ஒன்றில் ஹீற்றிங் தண்ணீர், மற்றதில் குழாய்த் தண்ணீர். நாகமுலாம் பூசாத, பளபளக்கும் உருக்கு ஆணி ஒவ்வொன்றைப் போட்டு மூடி வையுங்கள். சில நாளில் குழாய்த் தண்ணீர் ஆணி துருப்பிடிக்கும். மற்றது பளபளப்பாகவே கிடந்தால் மருந்து வேலை செய்கிறது. அதுவும் துருப்பிடித்தால் உங்கள் ரேடியேற்றர்களுக்குக் காப்பு இல்லை.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உறவுகளிடம் தனியாக ஒரு வார்த்தை. வருடந்தோறும் காஸ் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்கிறீர்கள். 1998 ஆம் ஆண்டு விதிகளின்படி அது கட்டாயம். அந்தச் சான்றிதழ் காஸ் கசிவையும் எரிவையும் புகைவழியையும் பார்க்கிறது. ரேடியேற்றர் தண்ணீரைப் பார்ப்பதில்லை. சான்றிதழ் கையில் இருக்கிறது, எல்லாம் சரி என்று நினைத்திருப்போம். ஆனால் ஹீற்றிங்கைத் திருத்தமாக, ஓடும் நிலையில் வைத்திருப்பது 1985 ஆம் ஆண்டு வீட்டுச் சொந்தக்காரர் வாடகையாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி இங்கிலாந்தில் உங்கள் கடமை. தை மாதக் குளிரில் அங்கே நடுங்குவது அனேகமாக எங்களைப்போலவே புதிதாக வந்து இறங்கிய ஒரு குடும்பம். முதல் குளிர்காலம் எங்களுக்கு எப்படி இருந்தது என்பதை நாங்கள் மறக்கக்கூடாது.

என்னோடு இதே தொழில் செய்யும் தம்பிமாருக்கும் சொல்கிறேன். விலையைக் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடிக்க, கழுவும் வேலையைத்தான் முதலில் விடுகிறோம். வீட்டுக்காரருக்கு அது தெரியாது, எங்களுக்குத் தெரியும். கழுவாமல் பொயிலர் பூட்டாதீர்கள். பதிவுப் புத்தகத்தை நிரப்புங்கள். எங்கள் சனம் எங்களைத் தேடி வருவது மலிவுக்காக மட்டுமில்லை, எங்களிடம் தமிழில் கேட்டு விளங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையிலும்தான்.

உறவுகளே, அடுத்த முறை பொயிலர் பார்க்க ஆள் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தீர்களா? ஃபில்ற்றரைக் கழற்றிக் கழுவினீர்களா, எவ்வளவு சேறு வந்தது? கடைசியாக மருந்து விட்டது எந்தத் திகதி? பதில்களை ஒரு தாளில் எழுதிப் பொயிலருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அழுத்தம் ஏற்றும் ஒவ்வொரு திகதியையும் அதே தாளில் குறியுங்கள். பொயிலரின் மூடியைத் திறப்பதும் காஸ் வேலையும் காஸ் சேஃப் பதிவுள்ளவருக்கு மட்டுமே உரியவை. அவரது அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

உள்ளே இருக்கும் தண்ணீரை ஒருமுறை சுத்தமாக்கி, மருந்து விட்டு, ஒழுக்கை அடைத்து, அதைப் பழசாக விடுங்கள். நல்ல ஹீற்றிங் தண்ணீர் வருடக்கணக்காக மாறாத தண்ணீர். குளிர் இறங்குமுன், இந்தக் கிழமையே, பொயிலரின் முள் எங்கே நிற்கிறது என்று போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
லண்டன்